ஏழு தீவுகளும் ஒரு படகுப் பயணமும்

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இங்கே தண்ணீரைக் கடப்பது என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் நினைவுக்கு வரும். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்தினாலும் அக்கரைக்குச் சாலை வழியாகச் சுற்றிப் போய்விடலாம். ஆனால் படகு நின்றால் வெளியே போக வழியே இல்லாத ஊர்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் சில அப்படிப்பட்டவை.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. இந்த ஏழையும் சப்த தீவுகள் என்பார்கள். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் இவற்றுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லைடன் ஆனது, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் என்ற பெயர் இன்றும் ஆங்கில வரைபடங்களில் இருக்கிறது.

எப்படிப் போவது? யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணைப் பாலம் வழியாக வேலணை, அங்கிருந்து வாணர் பாலம் தாண்டிப் புங்குடுதீவு. அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. சாலை அதோடு முடிகிறது. படகில் நயினாதீவுக்குச் சுமார் இருபது நிமிடம், நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்துறையில் படகு ஏற வேண்டும். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே மிதவை ஓடுகிறது. அந்த மிதவைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் "பாதை"!

இந்தக் கடல் வழிக்கு 12-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் இருந்தது. முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வைத்தான். வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்துறையில், வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது அது. யானை, குதிரை கொண்டு வரும் கப்பல் உடைந்தால் கால் பங்குதான் அரசனுக்கு, முக்கால் பங்கு உரியவனுக்கு. மற்ற சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அரசனுக்குக் குதிரையும் யானையும் தேவைப்பட்டதால் இந்தச் சலுகை போலும்.

அதே கடலில் 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினி என்ற பயணிகள் படகு நடுவழியில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினர் மீது குற்றம் சாட்டினார்கள். அன்று படகில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் சந்தைக்கும் தினமும் போய்வரும் சாதாரண மக்கள்.

அதற்காக அவர்களால் படகில் ஏறாமல் இருக்க முடிந்ததா? முடியாது. வேறு வழி இல்லை. குமுதினியே பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் அதே வழியில் ஓடியது.

நெடுந்தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காட்டுக் குதிரைகளையும் கல்வேலிகளையும் பார்க்கத்தான் போகிறார்கள். படகை விட்டு இறங்கும் மாவிலித்துறையில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அதையும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.