வாளைப் பாடினார்கள், தோலை மறந்தார்கள்

திருவேட்டக்குடி என்றாலே தலபுராணம் அர்ச்சுனனில்தான் தொடங்கும். வேடனாக வந்த சிவன் அவனோடு போரிட்டுப் பாசுபதம் தந்தார் என்பது கதை. வில்லுக்கும் அம்புக்கும் புகழ் சேர்க்கும் கதைகள் நம்மிடம் ஏராளம். அடியைத் தாங்கி உயிரைக் காத்த கேடயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

சங்கத் தமிழில் கேடயத்தின் பெயரே ‘தோல்’. கிடுகு, பலகை என்ற பெயர்களும் உண்டு. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வெயிலில் காயவிட்டால் மரம்போல் விறைத்துவிடும். இரும்பைவிடக் கனம் குறைவு என்பதால், நாள் முழுக்க ஏந்திப் போரிட முடியும். வலக்கையில் வாள், இடக்கையில் கேடயம். வெட்டை நேராக வாங்கினால் தோல் பிளக்கும். சாய்த்துப் பிடித்தால் வாள் வழுக்கி விலகும். புறநானூற்றின் 4ஆம் பாட்டில், சோழன் இளஞ்சேட்சென்னியின் படையைப் பாடும் பரணர், அம்பு துளைத்த கேடயங்களை எய்து பழகும் இலக்குகளுக்கு ஒப்பிடுகிறார்.

அந்தத் தோலை உரித்து, பதமாக்கி, தைத்த கைகள் யாருடையவை?

கேடயம் செய்தவரைப் பற்றிய பாட்டு நமக்குத் தெரியவில்லை. ஆனால் தோல்வேலை செய்த ஒருவர் 82ஆம் பாட்டில் இருக்கிறார். ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழையில் பொழுது சாய்கிறது. அவர் கட்டிலுக்கு வார் பின்னுகிறார். அவருடைய ஊசியைவிட விரைவானது மன்னனின் போர் என்கிறார் சாத்தந்தையார். மன்னனின் வீரத்தை அளக்க அந்த உழைப்பு தேவைப்பட்டது. உழைத்தவருக்கோ பெயர்கூட இல்லை. ‘இழிசினன்’ என்ற வசைதான் மிச்சம்.

1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதார்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இன்னொரு கோணத்தைத் திறந்தார். போரில் தோற்றுச் சிதறிய குலத்தவர், நிலைத்து வாழ்ந்த ஊர்களுக்குக் காவலாக எல்லைக்கு வெளியே குடியமர்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். ஆய்வாளர்கள் இன்றும் இதை விவாதிக்கிறார்கள். வாதம் சரியென்றால், ஊரின் முதல் கேடயம் சேரிதான். காவலுக்கு வேண்டியவர்கள், கோயிலுக்கும் குளத்துக்கும் வேண்டாதவர்களானார்கள்.

செங்கம் பகுதி நடுகற்களைப் பார்க்கப் போகும் தோழர்களே, ஆநிரைப் போரில் இறந்த வீரனின் பெயரைக் கல்லில் படியுங்கள். அவன் கையில் கேடயம் இருந்தால் சற்று நில்லுங்கள். அதைச் செய்தவரின் பெயர் அந்தக் கல்லில் இருக்காது. இனி நாம் எழுதும் வரலாற்றில் அவருக்கும் இடம் இருக்க வேண்டும்.