குற்றத்தை எண்ணிய வரலாறு

குற்றத்துக்குக் காரணம் யாது? நமது முன்னோர் ஊழ் என்றும் முன்வினை என்றும் இதற்கு விடை கூறினர். மேனாட்டுச் சமயவாதிகள் சாத்தானின் தூண்டுதல் என்றனர். 1876இல் இத்தாலியரான லொம்புறோசோ, மண்டையோட்டை அளந்து, குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்று சாதிக்க முயன்றார். விடைகள் வேறுபடினும் அவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. குற்றஞ் செய்தவனைத் தனியே பிரித்து நிறுத்தி, அவனை உருவாக்கிய சமுதாயத்தை விடுதலை செய்துவிடுவதே அவ்வியல்பு. இந்நோக்கினை வலுவாக அசைத்தது வெறும் தத்துவ விசாரமன்று. எண்கள் அடுக்கப்பட்ட ஓர் அரசாங்க அறிக்கையே.

1827இல் பிரெஞ்சு நீதியமைச்சு, 1825ஆம் ஆண்டின் குற்றவியல் வழக்குகளைத் தொகுத்து வெளியிட்டது. தொடர்ந்து ஆண்டுதோறும் அத்தகைய தொகுப்புகள் வந்தன. அவற்றை ஆராய்ந்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் பிரெஞ்சுச் சட்டத்தரணியான கெரி. மற்றவர் பெல்ஜிய வானியலறிஞரான அடொல்ப் கெற்றலே. 1826 முதல் 1829 வரை பிரான்சில் குற்றஞ்சாட்டப்பட்டு உயர் குற்றவியல் மன்றங்களின் முன் நிறுத்தப்பட்டோர் தொகை முறையே 6,988, 6,929, 7,396, 7,373. ஆண்டுகள் மாறின, கூண்டில் நின்ற மனிதர் மாறினர், தொகையோ பெரிதும் மாறவில்லை. கோள்களின் இயக்கத்தில் ஒழுங்கைக் கண்டு பழகிய கெற்றலே, இங்கும் ஓர் ஒழுங்கைக் கண்டார். குற்றத்துக்கான ஏற்பாடுகளைச் செய்து வைப்பது சமுதாயம். அதனை நிறைவேற்றும் கருவி மட்டுமே குற்றவாளி என்பது அவர் வந்தடைந்த முடிவு.

கெரி 1833இல் வெளியிட்ட நூலும் வேரூன்றிய நம்பிக்கைகள் சிலவற்றை ஆட்டங்காணச் செய்தது. எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களிலேயே குற்றம் மிகும் என்று படித்தவர்கள் நம்பியிருந்தனர். கெரியின் எண்கள் அதற்குச் சான்று பகரவில்லை. வறிய மாவட்டங்களிலேயே களவு மிகும் என்ற கருத்தும் நிலைக்கவில்லை. கெற்றலே இதற்குத் தந்த விளக்கம் இன்றும் சிந்திக்கத்தக்கது. எல்லோரும் ஏழைகளாய் வாழும் இடத்தில் ஏழ்மை மட்டும் குற்றத்தை வளர்ப்பதில்லை. செல்வமும் வறுமையும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில், வாழ்ந்தவன் திடீரெனக் கெட்டுப்போகும் நிலையில், அது வளர்கிறது என்றார் அவர். அதாவது, பிரச்சினை இல்லாமையன்று, ஏற்றத்தாழ்வே.

இவ்வெண்களின் சமுதாயப் பொருளை நன்குணர்ந்தவர்களுள் கார்ல் மார்க்ஸ் ஒருவர். 1853 பெப்ரவரியில் நியூயோர்க் நாளிதழொன்றில் மரணதண்டனை பற்றி எழுதிய கட்டுரையில், அவர் கெற்றலேயின் புள்ளிவிபரங்களை எடுத்தாண்டார். தூக்குமேடைக்குப் புகழ்பாடுவதை விடுத்து, குற்றங்களைப் பெற்றெடுக்கும் அமைப்பை மாற்றுவது பற்றிச் சிந்திக்கலாகாதா என்பதே அவர் எழுப்பிய வினா. 1867இல் கியோர்க் பொன் மயர் பவேரியாவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அவ்வினாவுக்கு மேலும் வலுவூட்டியது. தானிய விலை ஏறியபோது களவும் ஏறியது. விலை இறங்கியபோது களவும் இறங்கியது. அடுப்பங்கரைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறுகியது என்பதை அந்த ஆய்வு காட்டிற்று.

மார்க்ஸ் அக்கட்டுரையை எழுதிய அதே 1853ஆம் ஆண்டிலே பிரசெல்ஸ் நகரில் முதலாவது சர்வதேசப் புள்ளிவிபர மாநாடு கூடியது. அதனை முன்னின்று நடத்தியவரும் கெற்றலேயே. நாடுகள் தத்தம் குற்றப் புள்ளிவிபரங்களை ஒப்பிடத்தக்க வகையில் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கு ஆராயப்பட்டது. 1872இல் லண்டனில் நடைபெற்ற சிறைச்சாலை மாநாட்டிலும் இப்பிரச்சினை எழுந்தது. இரு மாநாடுகளும் ஒரே பாறையில் மோதின: ஒரு நாடு குற்றமென்று கூறுவதை இன்னொரு நாடு அவ்வாறு கூறுவதில்லை. புள்ளிவிபர மாநாடுகளும் நீடிக்கவில்லை. பிஸ்மார்க்கின் ஜேர்மனி ஒத்துழைப்பினின்றும் விலகியதை அடுத்து, 1876இல் புடாபெஸ்டில் நடந்த ஒன்பதாவது மாநாடே இறுதி மாநாடாயிற்று. அறிஞர்கள் கூடினாலும் அரசுகள் கூடாவிடில் எண்கள் கூடா.

அந்தப் பாறை எத்தகையது என்பதைச் சற்று நோக்குவோம். கொலையிலும் தெளிவான குற்றம் வேறொன்றில்லை என்று தோன்றும். ஆயினும் சில நாடுகள் கொலை முயற்சியையும் கொலைக் கணக்கிலே சேர்த்தன, சில சேர்க்கவில்லை. இந்தியச் சட்டக்கோவையை அடியொற்றி 1883இல் இலங்கையில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, கொலையையும் கொலையாகாத மனிதவதையையும் வெவ்வேறு குற்றங்களாக வகுத்தது. இவற்றுள் எதனைப் பிறநாட்டுக் கொலைத் தொகையோடு ஒப்பிடுவது? எண்ணும் முறையிலும் வேற்றுமை உண்டு. சுவீடனில் முறைப்பாடு கிடைத்தவுடனேயே குற்றம் பதிவாகும். ஒருவருக்குப் பலமுறை இழைக்கப்பட்ட கொடுமை பல குற்றங்களாகவே எண்ணப்படும். விசாரணை முடிந்த பின்னரே எண்ணும் நாட்டின் தொகை இதனிலும் குறைவாகத் தோன்றுவது இயல்பே. ஆகவே, கூடிய தொகை காட்டும் நாடு கெட்ட நாடு என்பதும், குறைந்த தொகை காட்டும் நாடு நல்ல நாடு என்பதும் பேதைமை. பல வேளைகளில் நேர்மையாக எண்ணிய நாடே கெட்ட பெயர் எடுக்கிறது.

இன்னொரு குறையைக் கெற்றலேயே அறிந்திருந்தார். அரசுக்குத் தெரிந்த குற்றங்களுக்கும் உண்மையில் நிகழ்ந்த குற்றங்களுக்கும் இடையிலுள்ள விகிதம் பெரிதும் மாறாதிருந்தாலன்றி, இக்கணக்குகளால் பயனில்லை என்று அவர் எச்சரித்தார். பொலிஸ் நிலையத்துக்குப் போக அஞ்சுபவனின் இழப்பு எந்த ஏட்டில் ஏறும்? பொலிஸ் புள்ளிவிபரம் மக்கள் செய்ததை மட்டும் சொல்வதில்லை. அரசு எதனைக் காண விரும்பியது என்பதையும் சொல்கிறது.

ஏடு யார் கையில் உள்ளது என்பதும் முக்கியம். 1923இல் வியன்னாவில் அமைந்த சர்வதேசக் குற்றவியல் பொலிஸ் ஆணைக்குழு, 1938இல் ஒஸ்திரியா விழுங்கப்பட்டதும் நாசிகள் வசமாயிற்று. 1942இல் அதன் தலைமையகம் பேர்லினுக்கே கொண்டு செல்லப்பட்டது. ஒத்துழைப்பு என்ற சொல் தன்னளவில் புனிதமானதன்று என்பதற்கு வரலாறு தரும் சான்று இது.

போருக்குப் பின்னர் இப்பணியை ஐக்கிய நாடுகள் சபை மேற்கொண்டது. 1970 முதல் 1975 வரையிலான காலத்தைப் பற்றிய வினாக்கொத்து நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, முதலாவது உலகக் குற்ற அளவாய்வு உருவாயிற்று. 1989இல் வேறொரு வழி திறந்தது. பொலிசாரை விடுத்து, பாதிக்கப்பட்ட மக்களையே பல நாடுகளில் ஒரே விதமாக வினவும் ஆய்வு அவ்வாண்டில் தொடங்கியது. கெற்றலே அஞ்சிய இருளில் அது ஒரு விளக்கை ஏற்றியது எனலாம். இறுதியாக, 2015இல் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு குற்றங்களுக்கான பொது வகைப்பாடு ஒன்றை ஏற்றுக்கொண்டது. சட்டப் பிரிவின் பெயரை விடுத்துச் செயலையே அடிப்படையாகக் கொண்டமையே இதன் சிறப்பு. மனிதன் எங்கு கொல்லப்படினும் அது ஒரே செயல்தானே! பிரசெல்ஸில் எழுந்த கேள்விக்கு இந்த விடை கிடைக்க 162 ஆண்டுகள் சென்றன.

எனினும் எண்ணப்படாதவை இன்னும் உள. அமெரிக்க அறிஞர் எட்வின் சதர்லாந்து, 70 பெரும் கம்பனிகளின் வரலாற்றை ஆராய்ந்து, சட்டமீறல்களுக்காக அவற்றுக்கு எதிராக வழங்கப்பட்ட 980 தீர்ப்புகளை 1949இல் எடுத்துக்காட்டினார். அந்நூலில் கம்பனிகளின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவை வெளிவர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேங்காய் திருடியவன் பெயர் மறுநாளே ஏட்டில் ஏறுகிறது. கம்பனியின் பெயர் வெளிவர 34 ஆண்டுகள் பிடிக்கின்றன.

குற்றம் பெருகிவிட்டது என்று செய்தித்தாள் கூறும்போது, நம் மாணவர் உடனே கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. எண்ணியவர் யார்? எதனை எண்ணினார்? எதனை எண்ணாது விட்டார்? இவ்வினாக்களைக் கேட்கக் கற்றவன் எண்களைக் கண்டு மயங்கமாட்டான், அவற்றை வெறுக்கவுமாட்டான். தூக்குமேடையைப் பலப்படுத்தவும் எண்கள் பயன்படும். அதனைத் தேவையற்றதாக்கும் சமுதாயத்தை அமைக்கவும் பயன்படும். எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையிலேயே உள்ளது.