சாலாக் செலாத்தானும் சுற்றூர்களும்

சாலாக் செலாத்தான், கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்தின் தெற்கே உள்ள ஊர். செராஸ், பண்டார் துன் ரசாக், சுங்கை பீசி, செபுத்தே ஆகியவை இதன் அக்கம்பக்கத்து ஊர்கள். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான 1974 பிப்ரவரி 1 வரை இவையெல்லாம் சிலாங்கூர் மண். இன்று நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடிகளும் நெருங்கிவிட்டதால், ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஊர்களின் கதை பெரும்பாலும் அவற்றின் பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

'சாலாக்' என்பது பாம்புத்தோல் போன்ற செதில் கொண்ட பழம் தரும் பனை வகை. 'செலாத்தான்' என்றால் தெற்கு. பேராக்கில் சாலாக் உத்தாரா, அதாவது வடக்குச் சாலாக், என்றோர் இரயில் நிலையம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூர் 'சாலாக் சவுத்' என வழங்கியது. பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனர்கள் எழுதும் பெயரின் கடைசி எழுத்தைக் கண்டோனீஸ் மொழியில் 'சௌ' என்று ஒலிக்கிறார்கள். 'சவுத்' என்ற ஆங்கிலச் சொல்தான் அந்த எழுத்துக்குள் இருக்கிறது. மலாய்க்காரரின் மரமும் ஆங்கிலேயரின் திசையும் சீனரின் நாவும் சேர்ந்த பெயர் இது. விமான நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள சாலாக் திங்கி வேறு ஊர். அது சிப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்த ஊர்களை உருவாக்கியது ஈயம். கோலாலம்பூரே 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் தோன்றியது. 1890களில் தண்டவாளம் புடுவிலிருந்து தெற்கே சுங்கை பீசிவரை நீண்டதற்கும் ஈய லம்பங்களே, அதாவது ஈயச் சுரங்கங்களே, காரணம். சுங்கை பீசி என்றால் இரும்பாறு. ஆனால் அவ்வூருக்குச் சோறு போட்டது ஈயம். லம்பங்கள் மூடியபின் எஞ்சிய குழிகளில் நீர் நிறைந்து ஏரிகளாயின. பண்டார் தாசிக் செலாத்தான் என்ற பெயரிலுள்ள 'தாசிக்', ஏரியைக் குறிக்கும் மலாய்ச் சொல். பிரதேச எல்லையைத் தாண்டி, ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று 'மைன்ஸ்' எனப்படும் பெரிய ஏரியும், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக விளங்கிய இடம்தான்.

அடுத்த மாற்றம் மலாயாவின் அவசரகாலத்தில் (1948–1960) வந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவும் செய்தியும் போகாமல் தடுப்பதே நோக்கம். சாலாக் செலாத்தான் புதுக்கிராமம் அப்படித் தோன்றியது. 'புது' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால், வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் துயரம் இருக்கிறது. அதை வெறும் நிர்வாக ஏற்பாடாக எழுதிக் கடந்துபோவது சரியல்ல.

தமிழர்கள் இப்பகுதிக்கு இரயில்வே வழியாகவும் பால்மரத் தோட்டங்கள் வழியாகவும் வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத் தொழிலாளர்கள் மிகுதி; எழுத்தர், நிலைய அதிகாரி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். அவர்களின் பெரிய குடியிருப்பு, செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ். தெற்கே புக்கிட் ஜாலில் ஒரு தோட்டமாக இருந்தது. 1998 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. தோட்டம் போனாலும், தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்னும் 'லாடாங் புக்கிட் ஜாலில்'தான். லாடாங் என்றால் தோட்டம். அந்தச் சொல்லை நீக்காமல் வைத்திருப்பது பெரிய காரியம். தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்களுக்கு அங்கே மிச்சமிருக்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

பண்டார் துன் ரசாக் முன்பு கம்போங் கொங்கோ எனப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஐ.நா. படையில் சேர்ந்து காங்கோ சென்ற மலாயா வீரர்களின் நினைவாக வந்த பெயர் அது. பின்னர் நாட்டின் இரண்டாம் பிரதமர் பெயர் சூட்டப்பட்டது. சுங்கை பீசியின் விமானத்தளம், 1965இல் சுபாங் நிலையம் திறக்கும்வரை தலைநகரின் விமான நிலையமாக இருந்தது. பிறகு 2018 வரை விமானப்படையிடம் இருந்தது.

சாலாக் செலாத்தான் என்ற பெயரில் இன்று இரண்டு நிலையங்கள் உள்ளன. ஒன்று கேடிஎம் கொமுட்டர் நிலையம். மற்றது 1998இல் திறக்கப்பட்ட எல்ஆர்டி தடத்தில் உள்ளது. பெயர் ஒன்றே என்றாலும் இரண்டும் இணைக்கப்பட்டவை அல்ல. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வெளியே வந்து நடக்க வேண்டும். தடம் மாற விரும்புவோர் பண்டார் தாசிக் செலாத்தான் வரை போவது நல்லது. கொமுட்டர், எல்ஆர்டி, விமான நிலைய இரயில் மூன்றும் அங்கே நிற்கும். 2011 முதல் தென்திசைப் பேருந்துகள் புறப்படும் ஒருங்கிணைந்த முனையமும் அங்கேதான்.