ஒளியமைப்பு ஆற்றல் எண்சுட்டி

ஒளியமைப்பு ஆற்றல் எண்சுட்டி என்பது, ஒரு கட்டிடத்தின் விளக்குகள் ஓராண்டில் ஒரு சதுர மீட்டர் தளப்பரப்புக்குச் செலவிடும் மின்னாற்றலைக் கிலோவாட் மணியில் குறிக்கும் அளவு ஆகும். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இது சுருக்கமாக லெனி என அழைக்கப்படுகிறது. கட்டிடங்களின் ஆற்றல் திறன் தொடர்பில் ஐரோப்பிய ஒன்றியம் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட பணிப்புரையைத் தொடர்ந்து உருவான ஈஎன் 15193 என்னும் ஐரோப்பியச் சீர்தரம் (2007) இதனைக் கணிக்கும் முறையை வரையறுத்தது.

தேவை

சதுர மீட்டருக்கு இத்தனை வாட்டுக்கு மேற்படலாகாது என்பதே ஒளியமைப்பு விதிகளின் எளிய வடிவம். ஆனால் வாட் என்பது திறனின் அலகு. செலவாகும் ஆற்றல் விளக்கு எரியும் நேரத்தையும் பொறுத்தது. ஆளில்லாதபோது விளக்கை அணைக்கும் உணரியும், பகலொளிக்கு ஏற்ப விளக்கை மங்கலாக்கும் கருவியும் வாட் கணக்கில் தென்படா. கட்டி முடிக்கப்படாத கட்டிடத்தில் அவற்றின் பயனை அளந்து பார்க்கவும் இயலாது. எனவே சீர்தரம் முன்கூட்டியே வகுத்த காரணிகளைப் பயன்படுத்துகிறது.

கணிப்பு முறை

விளக்குகளின் திறன், ஆண்டில் அவை பயன்படும் மணி நேரத்தால் பெருக்கப்படுகிறது. அலுவலகங்களுக்குப் பகலில் 2250, இருட்டில் 250 என மொத்தம் 2500 மணி நேரம் இயல்பு மதிப்பாகும். இதனை ஆளிருப்புக் காரணி, பகலொளிக் காரணி, மாறா ஒளிர்வுக் காரணி ஆகியவை குறைக்கின்றன. பகலொளிக் காரணி பகல் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். இறுதியில், கட்டுப்பாட்டுக் கருவிகளும் அவசரகால விளக்குகளின் மின்கலங்களும் ஆண்டு முழுவதும் எடுக்கும் துணை மின்சாரம் கூட்டப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, சதுர மீட்டருக்கு 10 வாட் விளக்குகள் கொண்ட, சாளரமற்ற, ஒருவர் மட்டும் பணிபுரியும் அலுவலக அறையைக் கொள்ளலாம். கையால் இயக்கும் ஆளி மட்டும் இருப்பின் ஆளிருப்புக் காரணி 0.8, ஆண்டுச் செலவு 20 கிலோவாட் மணி. தானே ஏற்றித் தானே அணைக்கும் உணரிக்குக் காரணி 0.7, செலவு 17.5. கையால் ஏற்றி, உணரியால் அணையும் அமைப்புக்குக் காரணி 0.6; செலவு 15. அதாவது, தானியக்கம் குறைந்த அமைப்பே கூடுதலாகச் சேமிக்கிறது. தானே ஏற்றும் உணரி, தேவையில்லாதபோதும் விளக்கை ஏற்றிவிடும் என்பதே இதற்குக் காரணம்.

எனினும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் துணை மின்சாரத்துக்கு 2007 ஆம் ஆண்டுச் சீர்தரம் தந்த இயல்பு மதிப்பு 5 கிலோவாட் மணி. இதைக் கூட்டினால் சிறந்த அமைப்பும் மீண்டும் 20 ஆகிவிடுகிறது. தானே ஏற்றும் உணரியோ 22.5 ஆகி, சாதாரண ஆளியை விடவும் மோசமாகத் தோன்றுகிறது. கருவியின் உண்மையான அளவு தெரிந்த வடிவமைப்பாளர் அதனை இடலாம். தெரியாதவருக்கு, நல்ல கருவியைப் பொருத்தியும் கணக்கில் பயனில்லை. 2017 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இம்மதிப்பை 1.5 ஆகக் குறைத்தது.

மனித நடத்தை

இக்காரணிகளுக்குப் பின்னால் மனிதரின் பழக்கம் உள்ளது. பிரித்தானியாவில் ஹன்ட் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மக்கள் அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதுமே பெரும்பாலும் ஆளியைத் தொடுகின்றனர் எனக் காட்டியது. காலையில் ஏற்றிய விளக்கு நண்பகல் வெளிச்சத்திலும் எரிந்துகொண்டே இருக்கும்.

பிற முறைகள்

ஐக்கிய அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 சீர்தரத்தின் பின்னிணைப்பு ஜி, முழுக் கட்டிடத்தையும் கணினியில் உருவகிக்கிறது. அதன் 2007 பதிப்பு, 5000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்களில் ஆளுணரி உள்ள விளக்குகளின் திறனை 10% குறைத்துக் காட்ட அனுமதித்தது. சீர்தரமே கட்டாயமாக்கிய கருவிகளுக்கு இச்சலுகை இல்லை. கலிபோர்னியாவின் விதிகளும் இவ்வாறே. முழுக் கட்டிட உருவகிப்பில், விளக்குகளின் வெப்பம் குறைவதால் குளிரூட்டும் செலவு குறைவதும், குளிர்காலத்தில் சூடாக்கும் செலவு கூடுவதும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. லெனி விளக்கின் மின்சாரத்தை மட்டுமே காட்டும்.