பிரம்பு வாளும் திருகைக் கல்லும்

1966, மே முதல் தேதி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து பெர்க்லி நகரம். டயானா பாக்ஸன் என்கிற இளம்பெண்ணின் (பிற்பாடு இவர் நாவலாசிரியை ஆனார்) வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு பார்ட்டி. வந்தவர்கள் எல்லோரும் மத்திய கால ஐரோப்பிய உடையில்! இளைஞர்கள் வாளும் கேடயமுமாக மோதிக்கொள்ள, ஜெயித்தவர் தன் காதலியை 'உள்ளதிலேயே அழகி' என்று பிரகடனம் செய்யலாம் என்று ஏற்பாடு. முடிந்ததும் அதே கோலத்தில் தெருவில் ஓர் ஊர்வலம். எதற்காகவாம்? இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து!

எல்லோருக்கும் குஷி பிறந்துவிட்டது. அடுத்த விழாவைப் பூங்காவில் நடத்தலாம் என்று அனுமதி கேட்கப் போனால், 'உங்கள் சங்கத்தின் பெயர் என்ன?' என்று கேள்வி. சங்கமே இல்லை, பெயருக்கு எங்கே போவது? மரியன் ஸிம்மர் பிராட்லி என்கிற எழுத்தாளர் சட்டென்று ஒரு பெயர் சொன்னார் - 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிஸம்'. 'காலம் தப்பிய விஷயங்களை ரசனையோடு செய்கிறவர்களின் சங்கம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று அந்தச் சங்கத்துக்கு இருபது 'ராஜ்யங்கள்' இருக்கின்றன. சண்டைப் போட்டியில் ஜெயிப்பவர்தான் ராஜா. பதவிக்காலம் பெரும்பாலும் ஆறே மாதம்! 1972-ல் தொடங்கிய இவர்களுடைய 'பென்சிக் போர்' பென்சில்வேனியாவில் கோடைதோறும் நடக்கும்போது பத்தாயிரம் பேருக்கு மேல் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். வாள் மட்டும் இரும்பு இல்லை, பிரம்பு. (பிரம்பு நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இருந்தது... அது வேறு காரியத்துக்கு!)

பெரியவர்களின் இந்த விளையாட்டுக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான குழந்தைகள் பள்ளிக்கூடமே போவதில்லை. வீட்டில் அப்பா, அம்மாவே பாடம் சொல்லித் தருகிறார்கள். 'ஹோம் ஸ்கூலிங்' என்று பெயர். 1977-ல் ஜான் ஹோல்ட் என்கிற கல்வியாளர் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். எண்பதுகளில் மதப்பற்று மிகுந்த பல குடும்பங்களும் இந்தப் பக்கம் வந்தன. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி சரி என்றாகிவிட்டது. 1999-ல் அரசு எடுத்த கணக்குப்படி இப்படிப் படித்தவர்கள் சுமார் எட்டரை லட்சம் பேர். 2003-ல் பதினோரு லட்சம். சில மாநிலங்களில் வருடா வருடம் 'குழந்தை என்ன படித்தது?' என்று கணக்குக் காட்ட வேண்டும். சிலவற்றில் யாரும் கேட்பதே இல்லை.

இந்த அம்மாக்களுக்கு ஒரு கஷ்டம். கணக்கு, இலக்கணம் எல்லாம் சமையலறை மேஜையிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால், எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவை அந்த மேஜைக்கு எப்படிக் கொண்டுவருவது? கவசம் வைத்திருக்கிறவர்களும் தறி வைத்திருக்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்களே... 'வாங்க, வந்து பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காட்டுங்க' என்று கூப்பிட்டார்கள். வந்தார்கள். 'வாழும் வரலாறு' என்று இதைச் சொல்கிறார்கள்.

இம்மாதிரி நிகழ்ச்சி ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் குழந்தைகள் ஓடுவது கவசத்தை நோக்கித்தான். ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை. பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். போட்டவுடன் தோள்பட்டை இறங்கிவிடும். இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் பாதி பாரம் இடுப்புக்குப் போய்விடும். பாடப் புத்தகத்தில் வீரனின் படம் இருக்கும். அந்த பெல்ட் எதற்கு என்று இருக்காது!

அடுத்து நூற்பு. கையில் கொடுப்பது வேறொன்றுமில்லை, தக்ளி! 1937-ல் வார்தாவில் காந்திஜி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மூலம் நம் பள்ளிகளுக்குள் வந்த அதே தக்ளி. ஐரோப்பாவில் ராட்டை பரவத் தொடங்கியதே பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில்தான். அதுவரை ஒவ்வொரு சட்டையும், போர்வையும், கப்பலின் பாயும்கூட இப்படிக் கையால் சுழற்றி எடுத்த நூலில் நெய்தவைதான். கால் மணி நேரம் முயன்றால் குழந்தைக்கு ஒரு முழம் கோணல் நூல் கிடைக்கலாம். 'ஒரு சட்டைக்கு இன்னும் எவ்வளவு வேணும்?' என்று கேட்கும்போது அது சரித்திரம் படிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'ஸ்பின்ஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே ஆதியில் 'நூல் நூற்பவள்' என்றுதான் பொருள்.

பிறகு மை. இது நமக்கு இன்னும் பக்கம். அந்தக் கால ஐரோப்பியத் துறவிகள் எழுதிய மை எதனால் ஆனது தெரியுமா? மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் மாதிரி ஒரு பிசின். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே கறுத்துக்கொண்டே வரும். எழுதியது காகிதத்தில் இல்லை, கன்றுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இங்கிலாந்துத் துறவிகள் எழுதிய ஒரு பைபிளுக்கு ('கோடெக்ஸ் அமியாட்டினஸ்' என்று பெயர். இப்போது இத்தாலியில், ஃபிளாரன்ஸில் இருக்கிறது) ஐந்நூறுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் எடை சுமார் 34 கிலோ. அந்தக் காலத்தில் புத்தகம் ஏன் ஏழைக்கு எட்டவில்லை என்று தனியாக விளக்க வேண்டுமா என்ன?

'இதெல்லாம் வேஷம் கட்டி ஆடுவது, படிப்பா?' என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. அவர்களுக்கான பதில் பிரான்ஸில் இருக்கிறது. அங்கே பர்கண்டிப் பகுதியில், கெடெலோன் என்ற இடத்தில் மிஷேல் கியோ என்பவரும் நண்பர்களும் 1997-ல் ஒரு கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பழைய கோட்டையைப் பழுதுபார்ப்பது இல்லை. புத்தம் புதிய பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை! மின்சாரம், கிரேன் எதுவும் கிடையாது. ஆள் உள்ளே நின்று நடந்தால் சுழலும் பெரிய மரச்சக்கரம்தான் கல்லை மேலே தூக்கும். அங்கே வரும் பள்ளிக் குழந்தைகளுக்குப் பதின்மூன்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைக் காட்டுகிறார்கள். பன்னிரண்டு சம இடைவெளி. அதை 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் சரியான செங்கோணம். நம் கொத்தனார் 'மூலைமட்டம்' பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

2019 ஏப்ரல் 15-ந் தேதி பாரிஸில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான ஓக் மரங்களைக் கொண்டு அந்தக் கூரைச் சட்டத்தைப் பழைய முறைப்படியே மறுபடி செய்யவேண்டி வந்தபோது, கோடரியால் உத்தரம் செதுக்கத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. கெடெலோனில் தொழில் பழகிய தச்சர்கள் சிலரும் அந்த வேலையில் இருந்தார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் மறுபடி திறந்தது. 'வேஷம்' என்றார்களே, அதுதான் கூரையாகி நிற்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது.

பெர்க்லியில் பிறந்த அந்தச் சங்கத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது, மத்திய காலம் 'எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி' அதை வாழ்ந்து பார்ப்பதாகச் சொல்வார்கள். பிளேக் இல்லை, பஞ்சம் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறிய அளவிலாவது பிரபு வம்சம் என்றே கணக்கு. பெரியவர்கள் விளையாட்டுக்கு இது சரி. அவர்களுக்கு நிஜம் தெரியும். ஆனால் ஏழு வயதுக் குழந்தை? அதற்கு இதுதான் பாடம். சாயங்காலம் அட்டைக் கிரீடத்தோடு வீடு திரும்பும் பையன், அந்தக் காலத்தில் எல்லோரும் கோட்டையில் இருந்தார்கள் என்றுதானே நினைப்பான்? பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் விட்டதை இன்னொருவர் பிடிக்கலாம். வீட்டுப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். அம்மா விட்டால் விட்டதுதான்!

இந்நிகழ்ச்சிகளில் திருகையும் வைத்திருப்பார்கள். குழந்தைகள் ஆசையாகக் கோதுமை அரைப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது...

இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர். ஊரே மடத்துக்குச் சொந்தம். மக்கள் தங்கள் தானியத்தை மடத்து மில்லில்தான் அரைக்க வேண்டும், அதற்குக் கூலியும் தர வேண்டும். வீட்டில் திருகை வைத்துக்கொள்ளக் கூடாது. 1330-களில் மடாதிபதியாக இருந்தவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டு. சாமானியர் இல்லை, கணித மேதை. கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் அற்புதமான கடிகாரத்தை வடிவமைத்தவர். ஒரு கொல்லரின் மகன்! அவர்தான் வீடு வீடாகத் திருகைகளைப் பறிமுதல் செய்து, மடத்தின் கூடத்தில் தரைக்குக் கல்லாகப் பாவவைத்தார். தங்கள் வீட்டுக் கல் மீது துறவிகள் நடந்துபோவதை ஊர் ஐம்பது வருஷம் பொறுத்துக்கொண்டது.

1381-ல் இங்கிலாந்து விவசாயிகள் கிளர்ந்து எழுந்தார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் மடத்துக்குள் புகுந்தார்கள். அந்தத் தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து, ஆளுக்கு ஒரு துண்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சில வாரங்களுக்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அவர்களின் தலைவர் வில்லியம் கிரிண்டிகாப் தூக்கிலிடப்பட்டார்.

குழந்தை திருகையைச் சுற்றி முடித்து, கை வலிக்கிறது என்று உட்காரும்போது இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். 'இவ்வளவு வலிக்கிற வேலையைச் செய்யும் உரிமைக்காகவா உயிரைக் கொடுத்தார்கள்?' என்று அது நிச்சயம் கேட்கும். கை வலித்த குழந்தைக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். வலிக்கிற கை நிகழ்ச்சி தருவது. கதை பெற்றோர் தர வேண்டியது.

ஒரு யோசனை. 1086-ல் மன்னன் முதலாம் வில்லியம் இங்கிலாந்தின் பெரும்பகுதியைக் கணக்கெடுத்தான். 'டோம்ஸ்டே புத்தகம்' என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கை வைத்து நூறு சீட்டு எழுதுங்கள். நாற்பது சீட்டுக்கு மேல் நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவர்கள். முப்பதுக்கு மேல் அவர்களை விடவும் ஏழையான குடிசைவாசிகள். பதினான்கு சீட்டு சுதந்திரமான உழவர்கள். பத்துச் சீட்டு, அடிமைகள். குலுக்கிப் போட்டு, வந்திருக்கும் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த சீட்டின்படி அன்று முழுக்க அவரவர் வேலை. கிரீடத்துக்கு ஆசைப்படும் பையன்கள் மறுபடி மறுபடி குலுக்கச் சொல்வார்கள். குலுக்குங்கள்... அந்த நூறு சீட்டில் ராஜா சீட்டு ஒன்றுகூடக் கிடையாது!