வண்டுச் சத்தமும் விளையாட்டு விமானமும்



சென்ற மாதம் ஒலிபரப்பான எனது பேச்சை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கதை தொடங்கியது எங்கள் வீட்டுப் பின்வளவில். மகனின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு றேடியோவால் இயக்கும் சிறிய விமானமொன்று வாங்கிக் கொடுத்தேன். ரெஜிபோம் போன்ற பாரமில்லாத பொருளால் செய்தது. பறக்கவிடக்கூட இல்லை, மோட்டாரை ஒருமுறை சுழலவிட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். குசினிக்குள் நின்ற மாமி கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்க் குந்திவிட்டார்.

"வண்டு, தம்பி. வண்டு சுத்துது."

மாமி 2009 மே மாதம் வரை வன்னியில் இருந்தவர். வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்கு அங்குள்ள சனம் வைத்த பெயர்தான் வண்டு. வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் செல்லோ கிபிரோ வரும் என்பது அவர்களின் அனுபவம். நான் 1992இல் வெளிக்கிட்டவன். ஹெலியும் பொம்பரும் சகடையும் எனக்குத் தெரியும், வண்டு தெரியாது.

"அம்மம்மா ஏன் பயப்பிடுறா? இது விளையாட்டுச் சாமான்தானே?" என்று மகன் கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தேடிப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

மாதிரி விமானம் உண்மை விமானத்துக்கு மூத்தது. 1871இல் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய றப்பரால் ஓடும் சிறு விமானமொன்றைப் பாரிஸ் பூங்காவில் பலர் பார்க்கப் பறக்கவிட்டார். 11 செக்கன், ஏறக்குறைய 40 மீற்றர். அவருடைய முறையில் செய்த றப்பர் ஹெலிகொப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களின் தகப்பனார் வாங்கிக் கொடுத்தார்.

றேடியோ பிறகுதான் சேர்ந்தது. 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். ஆனால் படகு பாரம் தாங்கும், விமானம் தாங்காது. அந்தக் காலத்து வால்வுகளும் பற்றரிகளும் செங்கல் மாதிரிப் பாரம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 1937இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒருவருக்கு விமானம் தெரியும், மற்றவருக்கு றேடியோ தெரியும். 8 அடி நீளச் சிறகு கொண்ட அந்த விமானத்துக்கு 'கஃப்' என்று பெயர். 1938இல் தேசியப் போட்டியில் வென்ற அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை.

அந்தக் காலத்தில் பழகியவர்களின் பாட்டை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். பலரிடம் இருந்தது ஒரேயொரு பொத்தான். ஒருமுறை அமத்தினால் சுக்கான் வலது பக்கம் திரும்பும், கையை எடுத்தால் நடுவுக்கு வரும், அடுத்த முறை அமத்தினால் இடது பக்கம். சுக்கானைத் திருப்பும் பலம் விமானத்தின் வயிற்றுக்குள் முறுக்கி வைத்த றப்பரில் இருந்து வந்தது. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்தால் கதை முடிந்தது! 1960களில்தான், கையால் அசைக்கும் அளவுக்கே சுக்கானும் அசையும் முறை பரவியது. ரிரான்சிஸ்ரர் வந்து பாரமும் குறைந்தது.

இனி மகனின் கேள்விக்கு வருகிறேன். பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக, 1935இல் பிரித்தானியர் 'டைகர் மொத்' பயிற்சி விமானத்தை விமானி இல்லாமல் றேடியோவால் பறக்க வைத்தார்கள். அதன் பெயர் 'குயின் பீ', அதாவது ராணித் தேனீ. ஆளில்லா விமானத்துக்கு 'ட்ரோன்', ஆண்தேனீ, என்ற பெயர் அதை ஒட்டியே வந்தது என்பார்கள். இவர்கள் தேனீ என்றார்கள், வன்னியில் வண்டு என்றார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். ரெஜினால்ட் டெனி என்ற ஆங்கிலேயர் ஹொலிவூட்டில் நடிகர். மாதிரி விமானத்தில் பைத்தியம் பிடித்து, 1930களில் அங்கேயே விளையாட்டு விமானக் கடை திறந்தார். பிறகு 'றேடியோபிளேன்' என்ற கம்பனியைத் தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்கு ஏறக்குறைய 15,000 இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தார். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணைப் படைப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுத்தார். அவர்தான் பின்னாளில் மர்லின் மன்றோ.

ஆக, மாமியின் காது பிழையில்லை. எங்கள் பின்வளவில் கத்தியதும் வன்னி வானில் சுற்றியதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மகனிடம் அப்படியே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதைத் திருப்பிக் குடுப்பமோ?" என்று கேட்டான். குடுக்கத் தேவையில்லை, வீட்டில் ஓட்டாமல் விட்டால் போதும் என்றேன். அது சரியான பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அப்படித்தான் நகருக்கு வெளியே ஒரு கழக மைதானத்தில் போய்ச் சேர்ந்தோம். பழக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். முதல்நாள் விமானத்தைத் தொடவே விடவில்லை. கம்பியூட்டரில் பழகிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பிறகு அவருடைய கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எங்களுடையதையும் இணைத்தார். அவர் ஒரு விசையைப் பிடித்திருக்கும் வரை விமானம் எங்கள் கையில், விட்டவுடன் அவர் கையில். நான் மூன்று முறை மூக்குக்குத்த விட்டேன், மூன்று முறையும் அவர் தூக்கினார்.

பழகுபவர்களைக் கவிழ்ப்பது ஒரு விடயம்தான். விமானம் எங்களை விட்டுப் போகும்போது வலது வலதுதான். எங்களை நோக்கித் திரும்பி வரும்போது எல்லாம் மாறிவிடும். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பெரியவர் சொன்ன உபாயம்: வரும் விமானத்தில் எந்தச் சிறகு பதிகிறதோ, அந்தப் பக்கமே தடியைத் தள்ளு, முட்டுக் கொடுப்பதுபோல. மகன் ஒரு கிழமையில் பிடித்துவிட்டான், எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. காற்றுக்கு எதிராக ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. கொக்குப் பட்டத்துக்கு விண் பூட்டி ஏற்றியவனுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரியாதா?

மைதானத்துக் கொட்டிலில் பழைய பலகையொன்று தொங்குகிறது. முன்பு இங்கே 35 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் பறப்பார்கள். ஒரே சனலில் இரண்டு பேர் போட்டால் இரண்டு வானொலி நிலையங்கள் ஒன்றோடொன்று மோதுவது போலத்தான், ஒரு விமானமாவது விழும். அதனால் சனல் இலக்கத்துக்குரிய கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டே பெட்டியைப் போடவேண்டும். 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வந்தபின் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவன் நான். அந்தப் பெரியவரிடம் அதைச் சொன்னபோது, தடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டைனமோ எத்தனை வோல்ற் என்றுதான் கேட்டார்.

2019 நவம்பரில் இருந்து பிரித்தானியாவில் இதற்குப் பதிவும் கட்டாயம். விமானத்தில் இலக்கம் ஒட்ட வேண்டும். பதிவு, இலக்கம், அட்டை எல்லாம் எங்களுக்குப் பழக்கமான விடயங்கள்தானே!

2003 ஓகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், எரிபொருளோடு 5 கிலோகூட இல்லாத ஒரு மாதிரி விமானத்தைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் இருந்து அயர்லாந்துக்கு அனுப்பினார். 38 மணித்தியாலங்களுக்கு மேல் அத்திலாந்திக்கின் மேல் தனியே பறந்தது. அவருக்கு அப்போது 77 வயது, கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. மாமிக்கு இதைச் சொன்னேன். "கண் தெரியாத மனிசன் என்னெண்டு விட்டது?" என்று கேட்டார். விமானத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மைதானத்துக்கு அவர் இன்னும் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மகனின் கைத்தொலைபேசிக்கு எடுப்பார். சாப்பிட வரச்சொல்ல அல்ல.

"என்னப்பு, இறக்கிப்போட்டியளோ?"

இறக்கிவிட்டோம் என்று அவன் சொல்லும்வரை அடுப்பில் சோறு வைக்கமாட்டார் என்று மனைவி சொல்கிறாள்.