அடியின் தலையும் வாலும்

தாமஸ் கிங்கோ (1634–1703) தமிழில் யாரும் பேசாத பெயர். டேனிஷ் பக்திக் கவி, பிஷப். உலகத்திடம் விடைபெறும் அவருடைய பாட்டு 1681-ல் அச்சானது. பொருளில் நமக்குப் புதிது ஏதுமில்லை. பட்டினத்தார் சொல்லாத நிலையாமையா? விஷயம் அமைப்பில் இருக்கிறது. பத்திக்குப் பத்தி, முடிகிற இடத்தில், வெறுமை என்று பொருள்படும் ஒரு நீண்ட சொல் இருமுறை வந்து விழுகிறது. செல்வம், பெருமை, அழகு என ஒவ்வொன்றையும் எடுத்து அந்தச் சொல்லின்மேல் போட்டு உடைக்கிறார். பிற்பகுதியில் அதே இடத்துக்கு ஆபிரகாமின் மடி வந்துவிடுகிறது. இடம் மாறவில்லை, சொல் மாறியிருக்கிறது. வெறுப்பு ஏக்கமாகத் திரும்புவதற்கு இதற்குமேல் வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

இது பலிப்பதற்குக் காரணம், அந்த மொழியின் செவி அடியின் கடைசியில் காத்திருப்பதுதான். தமிழ்ச் செவி தலையில் நிற்கிறது: மோனை, எதுகை. இயைபு நம்மிடமும் உண்டு, ஆனால் மலிவு. வினைமுற்றில் அடியை முடித்தால் 'ஆன்', 'ஆர்', 'ஏன்' தானாக வந்து நிற்கும். தேடாமல் கிடைத்த ஒலிக்கு என்ன மதிப்பு?

இதற்கான சோதனைக்களம் நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே இருக்கிறது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. டேனிஷ் அரசன் அனுப்பி 1706-ல் அங்கே வந்த சீகன்பால்கு ஜெர்மானியர். அவரும் பின்வந்தவர்களும் ஜெர்மன் பாட்டுகளை மெட்டோடு தமிழாக்கினார்கள். கிங்கோவின் பாட்டுக்கு அவை பங்காளிகள்: அழுத்தத்தால் நடக்கும் அடி, கடைசியில் இயைபு. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது, நீளம் மாற்றும். 'படம்' நீண்ட ஸ்வரத்தில் விழுந்தால் 'பாடம்' ஆகிவிடும். இந்த ஆபத்தோடுதான் மெட்டு இறக்குமதியானது. இறுதி இயைபைக் காப்பாற்றப்போய் வாக்கியம் முறுக்கிக்கொண்டது.

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அந்தப் பாட்டுகளை அறிந்தவர். ஆனால் எழுதியது பல்லவியும் சரணமும் கொண்ட கீர்த்தனை, பெத்லகேம் குறவஞ்சி. திரும்பி வரும் சொல்லை வாலிலிருந்து தலைக்குக் கொண்டுபோனார். இதைச் 'சுதேசியம்' என்று பாராட்டுவது எனக்கு உவப்பில்லை. அவர் செய்தது செவி சார்ந்த முடிவு. இழப்பும் உண்டு. பல்லவி மாறாமல் திரும்புகிறது. கிங்கோவின் கடைசிச் சொல்லைப்போல நடுவழியில் கட்சி மாறாது. அந்தத் திருப்பத்தைக் கீர்த்தனைக்குள் எங்கே வைப்பது என்று யாராவது யோசித்திருக்கலாம்.

இன்று எலியட்டையும் ரில்கேயையும் தமிழாக்குகிற நாமும் இயைபை உதறிவிட்டு விடுதலை என்கிறோம். மூலத்தில் அது செய்துவந்த வேலையை எந்த உறுப்பிடம் ஒப்படைத்தோம்?

தேவாலயங்களில் இன்றும் இரண்டையும் பாடுகிறார்கள். இங்கே டவுன்ஷிப்பில் ஒரு ஞாயிறு நண்பரோடு போயிருந்தேன். பாமாலைக்குப் புத்தகத்தைப் பிரித்தார்கள். கீர்த்தனைக்கு மூடி வைத்துவிட்டார்கள்.